வாளி வைக்கிற பொறுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் இன்னமும் வாசலை எட்டிப் பார்க்கிறேன். அவள் வீடு மாறிப் போய் மூன்று வருஷம் ஆகிறது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன், கை நின்றுவிடும், கழுத்து தானாகத் திரும்பும். வாசலில் எதிர் வீட்டுப் பூனைதான் இருக்கும். "என்னா, ஓடிட்டாளா?" என்று எங்கள் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கிண்டல் செய்வார். அவருக்கென்ன, வாளி வைக்கிற பொறுப்பு அவரிடமா இருந்தது?

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். "என்னைப் பத்தி யார்கிட்ட வேணும்னாலும் பேசுங்க கா, பேர மட்டும் விட்ருங்க" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவளும் அவள் தம்பியும் மட்டும் இருந்தார்கள். அவளுக்கு நாற்பதை நெருங்கும் வயது, தம்பிக்கு முப்பது. அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மருந்தில் அடங்கிக் கிடக்கும், திடீரென்று ஒரு வாரம் அடங்காது. மற்றபடி நன்றாகப் பேசுவான், பென்சிலால் படம் வரைவான், நாள் முழுக்க வானொலி கேட்பான். தனியாக மட்டும் விட முடியாது.

அவளுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார்சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிப் போய், இருட்டியபின் திரும்புவாள். வார நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் இந்தோனேசியப் பெண் இருந்தாள். சனிக்கிழமை துணி, சமையல், பசாரில் காய்கறி, மருந்து. ஞாயிறு அந்தப் பெண்ணுக்கு லீவு. இத்தனைக்கும் நடுவில்தான் இவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. கடலில் இரண்டு கிலோமீட்டர் நீந்த வேண்டும், ஈரத்தோடு எழுந்து வந்து தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கி இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில், எட்டரை மணி நேரத்துக்குள். கேட்டபோது எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"யாரு உன்னைய துரத்துறா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். பெக்கோக் பக்கம் முப்பது வருஷம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். உட்கார்ந்தபடி ஊர் போய்ச் சேருவதுதான் மனுஷனுக்கு அழகு என்பது அவர் கட்சி.

"யாரும் துரத்தலண்ணே. எண்ணிப் பார்த்தா வாரத்துல ஆறு மணி நேரம் எனக்குன்னு மிஞ்சுது. தூங்கிப் பார்த்தேன், டிவி பார்த்துப் பார்த்தேன். ரெண்டுலயும் தம்பி நெனப்புதான் வருது. இதுல மட்டும்தான் கொஞ்ச நேரம் வர மாட்டேங்குது."

மற்றவர்கள் இதற்கு இரண்டு மடங்கு நேரம் பயிற்சி செய்வார்களாம். இவளுக்கு ஆறு மணி நேரம்தான். மதியச் சாப்பாட்டு வேளையில் தொழிற்சாலைக்குப் பக்கத்து நீச்சல் குளத்தில் முக்கால் மணி நேரம், வாரத்துக்கு இரண்டு தடவை. சோற்றை அங்கேயே நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்வாள். தலைமுடியில் எப்போதும் குளத்து மருந்து வாடை. சைக்கிளை ரோட்டில் ஓட்டியதை நான் அதிகம் பார்த்ததில்லை. கார் நிறுத்தும் இடத்தில் பின்சக்கரத்தை ஓர் இரும்புத் தாங்கியில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிப்பாள். வாரத்தில் இரண்டு சாயங்காலம், ஒவ்வொரு மணி நேரம். கீழே விரித்த துண்டு வேர்வையில் ஊறிப்போகும். பக்கத்தில் தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து வானொலியைச் சத்தமாக வைப்பான். தொண்ணூறு கிலோமீட்டருக்கு இப்படித்தான் தயாரானாள், வீட்டுக் கேட்டைத் தாண்டாமல்.

ஞாயிற்றுக்கிழமைதான் நீண்ட ஓட்டம், இரண்டரை மணி நேரம். அதற்கும் அவள் எங்கேயும் போகவில்லை. எங்கள் தெருவில் கிளம்பி, சூராவ் தொழுகைக்கூடத்துப் பக்கம் திரும்பி, பந்து விளையாடும் திடலைச் சுற்றிக்கொண்டு, கடைவீதிப் பின்பக்கமாக மறுபடி எங்கள் தெரு. ஒரு சுற்றுக்கு ஏழு நிமிஷம். அதே சுற்றை இருபது தடவை ஓடுவாள். தாமானே சிரித்தது. "தங்கச்சி, இன்னும் வழி கண்டுபிடிக்கலையா?" என்று கேட்காத ஆள் இல்லை. சுற்றில் எந்த இடத்தில் இருந்தாலும், குறுக்குச் சந்தில் புகுந்தால் மூன்று நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். அதை அவள் ஓடிப் பார்த்தே வைத்திருந்தாள். தம்பிக்கு வலிப்பு ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. அந்த ஐந்தை விட்டு வெளியே போக அவளுக்குக் கால் வரவில்லை.

அந்த இரண்டரை மணி நேரமும் தம்பி பக்கத்தில் நான். என்னைப் போய் நம்பினாளே என்று இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. மழைக்கு மேகம் கூடினாலே மின்சாரம் போய்விடும் என்று மெழுகுவத்தி தேடுகிற ஆள் நான்.

முதல் தடவை அவனுக்கு வலிப்பு வந்தபோது என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் பெரியவர்கள் செய்ததைத்தான். இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று கேட்டின் சாவிக்கொத்தைக் கொண்டுபோய் அவன் கையில் திணித்தேன். அவன் கை உதறிய உதறலில் சாவிக்கொத்து பறந்து என் நெற்றியில் அடித்தது. என் அலறல் கேட்டு ஓடி வந்த அவள் தம்பியை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், வாயோரம் துடைத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். எல்லாம் அடங்கியபின் என் நெற்றியில் ஐஸ் வைத்தபடி, "அக்கா, சாவி வேணாம். வாயில எதையும் வைக்க வேணாம். சாச்சுப் படுக்க வைங்க. எத்தன நிமிஷம்னு பாருங்க. அது போதும்" என்றாள். மறுநாள் தன் பழைய கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து என் கையில் கட்டிவிட்டாள்.

கூடவே ஒரு சிவப்பு வாளி. தம்பிக்கு ஏதாவது ஆனால் வாளியைக் கேட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். தெரு முனையில் திரும்பும்போதே அது அவள் கண்ணில் பட்டுவிடும். வாளி இல்லையென்றால் அடுத்த சுற்று. போன் இருக்கிறதே என்றேன். ஓடும்போது மணி அடித்தால் எடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது, வாளிதான் நல்லது, இரண்டு நிமிஷம் தாண்டினால் மட்டும் போன் என்றாள். வாசலைக் கடக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் கண் கேட்டுக்குக் கீழே போகும். முகம் ஒரு நொடி இறுகும், அப்புறம் தளரும். இருபது சுற்றுக்கு இருபது தடவை.

அவளிடம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் கண்டிப்பை மட்டும் பொறுக்க முடியாது. நல்லதுக்காகச் சொல்கிற பொய் கூட அவளுக்கு ஆகாது. காய்ச்சலோடு இருந்த என்னிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு, நான் "நல்லா இருக்கேன்" என்றதற்கு ஒரு முறை முறைத்தாளே! காரணத்தை ஒரு நாள் அவளே சொன்னாள். அவள் வேலையில் இருந்தபோது சித்தப்பா போன் செய்திருக்கிறார். அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், பதறாமல் வா என்று. அன்றைக்கு அவள் பேருந்தில் வந்தாள். பாலத்தில் மூன்று மணி நேர நெரிசல்.

"மூணு மணி நேரமும் அவருகிட்ட என்னா பேசலாம்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன் கா. அவருக்குப் பிடிச்ச பிஸ்கட் ஒரு டின் வாங்கிக்கிட்டேன். எந்த வார்டுன்னு கூட கேட்டு வைக்கலையேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். தெருவுக்குள்ள திரும்பினா பந்தல் போட்டு நாற்காலி அடுக்கியிருக்கு. காலையிலயே போயிட்டாராம். பிஸ்கட் டின்னோட நின்னேன்."

நானே மூன்று பேருக்கு அப்படிப் போன் செய்திருக்கிறேன். வழியில் பதறி விழுந்து வைக்கப் போகிறார்களே என்றுதான் நாமெல்லாம் அப்படிச் சொல்கிறோம். அவளோ அந்த மூன்று மணி நேரத்தைத் தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டதாக நினைத்தாள்.

இவ்வளவு தெரிந்தும் நான் ஒரு தடவை செய்தேன். ஒரு ஞாயிறு, பதினெட்டாவது சுற்றில் ஓடிக்கொண்டிருந்தாள். இருபத்தொரு கிலோமீட்டரை முதல் தடவையாக முடிக்கப் போகிற நாள். தம்பிக்கு வந்தது. ஒன்றரை நிமிஷத்தில் நின்றுவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் போனேன். அதற்குள் அவன் தூங்க ஆரம்பித்துவிட்டான். நின்றுபோனதற்கு எதற்கு வாளி, பாவம், இன்னும் இரண்டு சுற்றுதானே என்று வாளியைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். அவள் வாசலைப் பார்த்தாள், முகம் தளர்ந்தது, கையை ஆட்டிவிட்டுப் போனாள். நானும் சிரித்துக் கையாட்டினேன்.

முடித்துவிட்டு வந்தவள் தம்பியின் தலையணையில் இருந்த ரத்தக் கறையைப் பார்த்தாள். நாக்கைக் கடித்திருக்கிறான், நான் அதைக் கூடக் கவனிக்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. தலையணை உறையை உருவிக்கொண்டு போய்த் துவைத்துப் போட்டாள். அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் ஓடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிள் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது ஞாயிறு காலையில் வாளியோடு வந்து நின்றாள்.

"அக்கா, நான் நிக்கிறதா ஓடுறதான்னு நீங்க முடிவு பண்ணக் கூடாது. நீங்க வாளி மட்டும் வைங்க. முடிவ நான் பண்ணிக்கிறேன். முடியுமா, முடியாதா?"

"முடியும்லா, தாயே" என்றேன். அழுகை வந்துவிட்டது.

போட்டி கிழக்குக் கடற்கரையில், எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம். எங்கள் வீட்டுக்காரர் காரில் கூட்டிப் போனார். ஓட்டம் கடற்கரைச் சாலையில் மூன்று சுற்று. சுற்று திரும்புகிற இடத்தில், சவுக்கு மரத்தடியில் அவர் நிற்க வேண்டும், காருக்குள் சிவப்பு வாளி இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. "ஊர் சிரிக்கப் போவுது" என்று முனகிக்கொண்டே வாளியை வாங்கிக்கொண்டார். நான் இங்கே தம்பியோடு இருந்தேன். மருந்து கொடுத்தேன், இட்லி கொடுத்தேன், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் குளத்தில் நீந்தியவள், கடலில் அலை அடித்துவிட்டால்? சைக்கிளை நின்ற இடத்தில் மிதித்தவள், ரோட்டில் காற்று தள்ளிவிட்டால்? கடலிலிருந்து ஏறிவிட்டாள் என்று போன் வந்தபோது சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தே விட்டேன். எதிர்க்காற்றில் சைக்கிள் நேரம் இழுத்துவிட்டது. ஒரு மணிக்குத்தான் ஓட ஆரம்பித்தாள். நாலு மணிக்குள் முடிக்க வேண்டும்.

ஒன்றே முக்காலுக்குத் தம்பிக்கு வந்தது. சாய்த்துப் படுக்க வைத்தேன். மணி பார்த்தேன். இரண்டு நிமிஷம். மூன்று. நாலு. நிற்கவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. ஐந்தாவது நிமிஷம் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். வண்டியிலிருந்தே எங்கள் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"இப்பத்தானே போனா! முதல் ரவுண்ட முடிச்சிட்டு இங்கதான் திரும்பினா. இனிமே மூணு மணிக்குத்தான் வருவா" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். நின்றது. மூச்சு சீரானது. இனிப் பயமில்லை, ஆறு மணிக்கு மேல் முழிப்பான் என்றார் டாக்டர். மணி இரண்டு நாற்பது. மறுபடி எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அதான் நல்லாயிட்டான்ல? வாளி எதுக்கு? ஒரே ஒரு ரவுண்டு பாக்கி. முடிச்சிட்டு வரட்டும், நானே பக்குவமா சொல்லிக்கிறேன். இப்ப நிறுத்தினா அந்தப் பிள்ளை இத்தன வருஷம் செத்தது என்னாத்துக்கு?"

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் மனதுக்குள் இருந்ததுதான். நாக்கு நுனி வரைக்கும் "சரி" வந்துவிட்டது. கட்டிலில் அவன் தூங்குகிறான். அவள் ஓடுகிறாள். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் வைத்த வாளி ஞாபகம் வந்தது.

"வைங்க" என்றேன்.

"ஏய், யோசிச்சுப் பாரு..."

"வாளிய வைங்கன்னா வைங்க! நடு ரோட்டுல வைங்க!" முப்பது வருஷத்தில் அவரிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றுக்கு முன்னால் போன் அடித்தது. அவள்தான். மூச்சு இரைத்தது. அப்புறம், "சொல்லுங்க கா."

எல்லாம் சொன்னேன். எப்போது வந்தது, எத்தனை நிமிஷம், உதடு கறுத்தது, ஊசி, டாக்டர் சொன்னது, ஒன்று விடாமல். "இப்ப நல்லாத் தூங்குறான்" என்று முடித்தேன்.

அப்புறம் மிக மெதுவாகக் கேட்டாள். "போயிட்டானா கா?"

"ஐயோ, இல்லம்மா! உசுரோட இருக்கான்!" என்றேன். சொன்னவுடனே புரிந்துவிட்டது, அவன் போயிருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். அவளுக்கும் அது தெரியும். ஒரு தடவை வாளியை ஒளித்து வைத்தவள் சொல்கிற வார்த்தைக்கு என்ன மதிப்பு? சத்தியம் செய்யலாம், சத்தியமும் அப்படித்தானே. நர்ஸைப் பேசச் சொல்லலாம் என்று பார்த்தேன், யாரையும் காணோம்.

அப்போதுதான் தம்பி குறட்டை விட்டான். வலிப்புக்கு அப்புறம் வருகிற தூக்கத்தில் அவனுக்கென்று ஒரு குறட்டை உண்டு. கரகரவென்று ஏறி, நடுவில் நின்று, இரண்டு தடவை விக்கி, மறுபடி ஏறும். சுவர் வழியாக எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். போனைக் கொண்டுபோய் அவன் மூக்கடியில் பிடித்தேன். அவள் கேட்டாள். நான் கை மாற்றி மாற்றிப் பிடித்தேன். ஒரு நிமிஷத்தைக் கூட வீணாக்காதவள், கேட்டுக்கொண்டே நின்றாள்.

பிறகு அவள் குரல் வந்தது. "ஆறு மணிக்கா முழிப்பான்னாங்க?"

"ஆமாம்மா."

"அஞ்சே முக்காலுக்கு வந்துர்றேன்." அவ்வளவுதான். போனை எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு மூன்றாவது சுற்றுக்கு ஓடிவிட்டாளாம். போனைப் பார்த்தேன். ஆறு நிமிஷம் பேசியிருந்தோம். அதில் பாதிக்கு மேல் குறட்டை.

சொன்னபடி வந்தாள். கையில் மையில் எழுதிய எண், கழுத்தெல்லாம் உப்புப் பூத்திருந்தது, நடை தாங்கித் தாங்கி. நேரே தம்பியின் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். பின்னாலேயே எங்கள் வீட்டுக்காரர் கொதித்துக்கொண்டு வந்தார். "மூணு நிமிஷம்லா! நாலு மணி மூணு நிமிஷத்துக்கு வந்து தொட்டா. நேரம் முடிஞ்சு போச்சாம், மெடல் கிடையாதாம்! கண்ணு முன்னாடி பெட்டியில அடுக்கி வச்சிருக்கானுங்க!"

எனக்குக் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. "என்னாலதாம்மா போச்சு. அவன் நல்லாத்தான் இருந்தான். நான் வாளிய வைக்கச் சொல்லாம இருந்திருந்தா..."

அவள் தம்பியின் போர்வையை இழுத்துவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை, நான் எதையோ புரியாமல் பேசுகிறேன் என்பது போன்ற ஒரு முகம்.

"வைக்காம விட்டிருந்தா, அடுத்த ஞாயித்துக்கிழம நான் எப்படிக்கா ஓடுவேன்?"

ஓடினாள். சிவப்பு வாளியை எங்கள் வீட்டுக்காரர் சவுக்கு மரத்தடியிலேயே மறந்து வைத்துவிட்டு வந்ததால், அந்த வாரம் புதிதாக ஒன்று வாங்கினேன். வீடு மாறி லாயாங் லாயாங் என்கிற ஊருக்குப் போன பிறகும், அங்கே வாளி வைக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டதாகப் போனில் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் வலித்தது. தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். போன மாதம் இரண்டு தடவை வந்தது, ஒன்று நாலு நிமிஷம் என்றாள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டாள். முட்டி வலி, ராத்திரியில் தூக்கம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாசலைப் பார்க்கிறேன் என்று உள்ளதைச் சொன்னேன்.